சிஜே-3பியா, எம்எம் 540-ஆ, ஜிப்ஸியா: சென்னை வீட்டு ஷெட்டுக்கு எந்தப் பழைய ஜீப்?

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வாங்கி, வீட்டு ஷெட்டிலேயே பிரித்துப் போட்டு, நம் கையாலேயே திரும்பக் கட்ட வேண்டும் என்று சென்னையில் யார் கிளம்பினாலும் சுற்றிச் சுற்றி மூன்று பெயர்களில்தான் வந்து நிற்பார்கள். மகிந்திராவின் பழைய பெட்ரோல் ஜீப் சிஜே-3பி, டீசல் ஜீப் எம்எம் 540, மாருதி ஜிப்ஸி. ஜோங்கா மேல் கண் வைப்பவர்களும் உண்டு. ஜபல்பூரில் ராணுவத்துக்காகக் கட்டிய நிஸான் பேட்ரோல் அது. கிட்டத்தட்ட நாலு லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பங்க் வைத்திருப்பவர் வாங்கினால் கட்டுப்படியாகும். நாம் மூன்றோடு நிறுத்திக்கொள்வோம்.

மூன்றில் எது என்று பேச்செடுத்தாலே "எஞ்சின் எப்படி?" என்ற கேள்விதான் முதலில் வரும். நான் அதைக் கடைசியாகக் கேட்பேன். எஞ்சின் எவ்வளவு கெட்டிருந்தாலும் லேத்திலும் போரிங் பட்டறையிலும் கொடுத்து எடுத்துவிடலாம். காசு இருந்தால் முடிகிற வேலை. துருப்பிடித்த தகரத்தையும் சரிசெய்யலாம்தான், ஆனால் அதற்கு ஆகும் உழைப்பு இந்த மூன்று வண்டிக்கும் மலைக்கும் மடுவுக்குமாக வித்தியாசப்படும். ஆர்.சி. புத்தகத்தையோ எந்தப் பட்டறையிலும் செய்து வாங்க முடியாது. ஆக என் வரிசை: காகிதம், தகரம், எஞ்சின். அப்புறம் நம் ஷெட்.

அதற்கு முன் மூன்று வண்டிகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

சிஜே-3பி, வில்லிஸ் கம்பெனி 1953-இல் அமெரிக்காவில் கொண்டுவந்த ஜீப். மகிந்திரா 1947-லேயே வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டித் தயாரிக்க ஆரம்பித்துவிட்டது; 3பி அமெரிக்காவில் 1968-இல் நின்றுபோன பிறகும் இங்கே ஓடிக்கொண்டே இருந்தது. போர்க்கால ஜீப்பை விட இதன் பானெட் தூக்கலாக இருக்கும். காரணம் உள்ளே இருக்கும் 2.2 லிட்டர் ஹரிகேன் எஞ்சின். முந்தைய எஞ்சினில் வால்வு எல்லாமே பிளாக்கில். இதில் இன்டேக் வால்வை ஹெட்டுக்கு ஏற்றி, எக்ஸாஸ்ட் வால்வைப் பிளாக்கிலேயே விட்டார்கள். அதனால் எஞ்சின் உயர்ந்தது, பானெட்டும் உயர்ந்தது. வீல்பேஸ் 80 அங்குலம், மூன்று கியர், நாலு வீலும் டிரம் பிரேக்.

எம்எம் 540, 1980-களின் நடுவில் வந்தது. பியூஜோ வடிவமைத்த 2,112 சிசி டீசல், 62 குதிரைத்திறன், நாலு கியர், 91 அங்குல வீல்பேஸ். ஜீப்பு என்றதும் நாற்பது வயது தாண்டிய தமிழர்களின் மனதில் வரும் உருவம் பெரும்பாலும் இதுவும் இதன் அண்ணன் தம்பிகளும்தான்.

ஜிப்ஸி 1985-இல் 970 சிசி கார்புரேட்டர் எஞ்சினோடு வந்தது. 1996-இல் 1.3 லிட்டர் 'கிங்', 2000-இல் எம்பிஎஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சின். கிட்டத்தட்ட 2019 வரை உருவம் மாறாமல் வந்துகொண்டிருந்த வண்டி. 

காகிதம்

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு தாண்டிய காருக்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025-இல், 20 ஆண்டும் தாண்டியிருந்தால் 10,000 என்று ஆக்கிவிட்டார்கள். மேலே பசுமை வரி வேறு. டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டான டீசலுக்கு வந்த மாதிரி வயதுத் தடை சென்னையில் இல்லை என்பது ஒன்றுதான் 540 ஆசைக்காரர்களுக்கு ஆறுதல்.

இதில் பலரும் யோசிக்காத சிக்கல் ஒன்று இருக்கிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொண்டுபோய் நிறுத்திக் காட்ட வேண்டும். சேசிஸ் ஒரு பக்கம், பாடி ஒரு பக்கம், கியர் பாக்ஸ் பெஞ்சுமேல் என்று கிடக்கும் நேரத்தில் பதிவு முடிந்தால் எதைக் கொண்டுபோய்க் காட்டுவது? வீட்டு ஷெட் வேலை ஒரு வருஷம் என்று ஆரம்பித்து மூன்று வருஷம் இழுக்கும். ஆகவே பதிவில் குறைந்தது நாலு வருஷமாவது மிச்சமிருக்கும் வண்டியாகப் பாருங்கள். இல்லையென்றால் பெயர் மாற்றத்தையும் புதுப்பித்தலையும் முடித்துவிட்டு அப்புறம் ஸ்பானரைக் கையில் எடுங்கள். ஓடுகிற நிலையில் வண்டியை வாங்குவதன் பெரிய லாபமே இதுதான்.

540-க்கும் ஜிப்ஸிக்கும் வழி இந்த ஒன்றுதான். சிஜே-3பிக்கு மட்டும் இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும்; வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும்; சேசிஸ், பாடி, எஞ்சின் எதையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். பதிலுக்கு நாம் விட்டுக்கொடுப்பது என்னவென்றால், அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது, இதற்கெல்லாம் போய்வரலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஈ.சி.ஆரில் இட்லி சாப்பிடப் போவது ராலியில் சேருமா என்பதை போலீஸ்காரரிடம்தான் வாதாட வேண்டும்.

இந்த விதி இன்னொரு முடிவையும் நமக்காக எடுத்துவிடுகிறது. ஊரில் கண்ணில் படும் 3பிகளில் நிறைய வண்டிகள் எப்போதோ பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு டீசல் ஏற்றியவை. பெட்ரோல் விலை தாளாமல் செய்தது. அன்றைக்கு அது நியாயமான முடிவுதான். ஆனால் இன்று அந்த வண்டி எந்தப் பக்கமும் சேராது. விண்டேஜ் பதிவுக்குப் போனால் எஞ்சின் மாற்றம் இடிக்கும். ஆர்.சி.யில் இன்னும் 'பெட்ரோல்' என்றே இருந்து, பானெட்டைத் திறந்தால் டீசல் இருந்தால் சாதாரணப் புதுப்பித்தலும் இடிக்கும். ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி செய்த வடிவத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் அழுத்திச் சொல்லிவிட்டது. டீசல் மாற்றிய 3பியை யாராவது குறைந்த விலைக்குச் சொன்னால், ஏன் குறைவு என்பதற்குப் பதில் ஆர்.சி.யில் இருக்கும்.

அரசு அலுவலக ஜீப்புகளுக்கும் ஒரு எச்சரிக்கை. 2023 ஏப்ரலிலிருந்து, 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு ரத்தாகி அவை ஸ்கிராப்புக்குத்தான் போக வேண்டும். அதற்கு முன்பே ஏலத்தில் போய், தனியார் பெயரில் முறையாகப் பதிவானவற்றுக்குச் சிக்கல் இல்லை. இன்னும் துறையின் பெயரிலேயே இருக்கும் வண்டியை "எல்லாம் மாத்திக்கலாம் சார்" என்று ஒருவர் விற்க வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பேப்பர் சரி என்றால் சேசிஸ் நம்பர். விற்பவர் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டுவதை நம்பாமல் இரும்பில் படியுங்கள். ஒரு கம்பி பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், துணி, ஒரு சாக்பீஸ் போதும். அழுக்கைத் தேய்த்து எடுத்துவிட்டுச் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் பஞ்ச் எழுத்துகள் இருட்டாக எழுந்து வரும். மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு நகலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆர்.டி.ஓ.விலும் இதைத்தான் கேட்பார்கள். துரு தின்று 3 எது, 8 எது என்று தெரியாத வண்டியை வாங்கினால் அந்தச் சந்தேகத்தையும் சேர்த்து வாங்குகிறோம். நம்பரைச் சுற்றி மட்டும் கிரைண்டர் தழும்போ புது வெல்டிங்கோ இருந்தால் பேச்சே வேண்டாம், கிளம்பிவிடலாம்.

தகரம்

சென்னையில் துரு என்பது வண்டியின் வயதைவிட அது நின்ற தெருவைப் பொறுத்தது. பெசன்ட் நகரிலோ திருவொற்றியூரிலோ கடற்காற்றில் பத்து வருஷம் நின்ற வண்டியைவிட, போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறிய ஜீப்பின் தகரம் நன்றாக இருக்கும். ஆனால் மலை ஜீப்புக்கு வேறு வியாதி. எட்டுப் பேர் ஏற வேண்டியதில் பதினாறு பேர் ஏறியிருப்பார்கள். ஸ்பிரிங் பட்டை சேசிஸில் மாட்டும் இடங்களில் விரிசலும், அதன்மேல் வைத்த ஒட்டுப்பட்டையும், அதற்கும் மேல் தார் பெயிண்டும் இருக்கும். உப்புத் துருவை விட இந்த விரிசல் எனக்குச் சம்மதம். விரிசல் ஓர் இடத்தில் இருக்கும், போய்ப் பார்த்து அடைக்கலாம். உப்பு எங்கே இருக்கிறது என்பது பாதி பிரித்த பிறகுதான் தெரியும்.

பார்க்கப் போகும்போது ஒரு சின்ன காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போங்கள். வீல் வளைவு, கதவோரம், பின்பக்க மூலை என்று மெதுவாக இழுத்துக்கொண்டே வாருங்கள். தகடு உள்ள இடத்தில் விடாமல் ஒட்டும். பட்டி பூசிய இடம் வந்ததும் கை வழுக்கும். உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கினால் டெண்ட் எடுத்திருக்கிறார்கள் என்று விடலாம். ஒரு முழத்துக்கு வழுக்கினால் அங்கே தகரமே இல்லை. அடுத்து மேட்டைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தரையைத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும், அரித்தது சொத்தென்று சொல்லும்.

இங்கேதான் மூன்று வண்டிகளும் பிரிகின்றன. இரண்டு ஜீப்புகளின் பாடியும் பெரும்பாலும் தட்டைத் தகடு. ஓரங்களில் ஒரு மடிப்பு, சில இடங்களில் ஒரு வளைவு, அவ்வளவுதான். அரித்த இடத்தை வெட்டி எடுத்து, அட்டையில் அளவு வெட்டி, அதேபோல் தகட்டில் வெட்டி மடித்துப் பற்றவைப்பதை வெல்டிங் புதிதாகப் பழகுகிறவரும் செய்யலாம். கோணல் வந்தாலும் தட்டி நிமிர்த்தலாம். 3பியில் முதலில் பார்க்க வேண்டியது டிரைவர் சீட்டின் அடிப்பகுதி. பெட்ரோல் டேங்க் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். டேங்குக்கும் தரைக்கும் நடுவில் மண்ணும் தண்ணீரும் சேர்ந்து அரித்துக்கொண்டிருக்கும். அடுத்தது தரைக்கு அடியில் குறுக்கே ஓடும் சேனல்கள். ஈரம் புகுந்தால் வெளியேற வழி இல்லாத இடம் அது.

ஜிப்ஸியின் தகடு மெல்லியது, பிரஸ்ஸில் அழுத்தி உருவம் கொடுத்தது. கண்ணாடிச் சட்டத்தின் அடி, பின் வீல் வளைவு, பாடி சேசிஸில் உட்காரும் மவுண்டுகள், இதெல்லாம் அரித்தால் அந்த வளைவைக் கையால் கொண்டுவர நல்ல டிங்கர் வேண்டும். கேஸ் வெல்டிங் பட்டால் தகடு நெளியும், ஆர்க் வைத்தால் ஓட்டை விழும். சிஓ2 வெல்டிங்தான் தாங்கும். வெளியே பளபளவென்று இருந்து உள்ளே சல்லடையாக இருக்கும் வண்டிகள் ஜிப்ஸியில்தான் அதிகம். எஞ்சின் வேலைக்கு மூன்றிலும் சுலபமான வண்டி, தகர வேலைக்கு மூன்றிலும் கடினமான வண்டி. இதைத் தெரிந்துகொள்ளாமல் "மாருதிதானே" என்று இறங்குகிறார்கள்.

பழைய பாடியை ஒட்டிச் சரிசெய்வதா, புதுப் பாடியே கட்டி வாங்குவதா என்ற கேள்வியும் ஜீப்பில் வரும். ஜீப் பாடியை முழுசாகப் புதிதாகக் கட்டித் தருகிற பட்டறைகள் தமிழ்நாட்டில் உண்டு, பஞ்சாப்-ஹரியானா எல்லையில் மண்டி டப்வாலியில் அது ஒரு தொழிலாகவே நடக்கிறது. 540-இல் தரையும் பக்கமும் போயிருந்தால் நான் தயங்காமல் புதுப் பாடிக்குப் போவேன், அதே அளவு, அதே வடிவம் என்ற கட்டுப்பாட்டோடு. 3பியில் மாட்டேன். ஐம்பது வயதுத் தகட்டில் பாதியாவது மிஞ்சியிருந்தால் அதை வைத்துக்கொண்டுதான் வேலை. விண்டேஜ் பதிவு மட்டும் காரணமில்லை. புதுப் பாடி போட்ட பிறகு அங்கே மிச்சமிருப்பது சேசிஸும் ஒரு நம்பரும்தான், அதற்குப் பேசாமல் 540 வாங்கிவிடலாம்.

சாண்ட் பிளாஸ்டிங் பற்றி ஒரு வார்த்தை. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் சேசிஸ், ஆக்ஸில், வீல் எல்லாவற்றையும் கொடுத்து அடித்து வாங்கலாம். வீட்டில் கம்பி பிரஷ் வைத்துப் பத்து நாள் தேய்ப்பதை மிச்சப்படுத்தும். பானெட், பக்கத் தகடு மாதிரி அகலமான தட்டைத் தகட்டை மட்டும் கொடுக்காதீர்கள், மணல் மோதும் வேகத்தில் அலை அலையாக நெளிந்து திரும்பி வரும். அடித்த இரும்பைச் சென்னைக் காற்றில் ஓர் இரவு சும்மா விட்டால் காலையில் ஆரஞ்சு நிறம் தட்டியிருக்கும். அன்றைக்கே எப்பாக்ஸி பிரைமர் ஏற வேண்டும். ரெட் ஆக்ஸைடு மட்டும் அடித்துவிட்டு மழைக்காலத்தைத் தாண்டலாம் என்று நினைக்க வேண்டாம். அது ஈரத்தை உள்ளே விடும்.

எஞ்சின், கியர்

ஜிப்ஸியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கிங்கில் உள்ள 1.3 எஞ்சின் எஸ்டீம் காரின் உறவு. எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். சூடேறி ஹெட் வளைந்திருக்கிறதா, டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது, இந்த இரண்டையும் பாருங்கள். ஓடும்போது வண்டி நடுங்கினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் சக்தியை முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) தொங்கும் ரப்பர் மவுண்டுகளைப் பாருங்கள்; ஜிப்ஸியில் அது கியர் பாக்ஸோடு ஒட்டாமல் ஒரு குட்டி ஷாஃப்ட்டால் இணைந்து தனியாகத் தொங்கும். ரப்பர் மாற்றினால் பாதி நடுக்கம் போய்விடும்.

540-இன் பியூஜோ எஞ்சின் நிதானமானது. குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நாம் போகும்முன்பே சூடாக்கி வைத்திருந்தால் நாளைக் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. டீசலைப் பீய்ச்சும் பம்பும் நாசிலும் வீட்டில் பிரிக்கிற பொருள் கிடையாது, டீசல் பம்ப் கடையில் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சில 540-களில் எஞ்சின் மாறி, மேஜரிலும் கமாண்டரிலும் வந்த 2.5 லிட்டர் டிஐ எஞ்சின் உட்கார்ந்திருக்கும். உதிரிக்கு அது வசதி, ஆர்.சி.க்கு அது கேள்வி. இன்னொன்று: ஜீப் உருவத்தில் இருப்பதெல்லாம் ஃபோர் வீல் டிரைவ் என்று எண்ணாதீர்கள். டூ வீல் டிரைவ் ஜீப்புகள் நிறைய ஓடின. குனிந்து முன் ஆக்ஸிலில் கிரவுன் வீலுக்கான (ஆக்ஸிலைச் சுழற்றும் பெரிய பல் சக்கரம்) புடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முன் ஷாஃப்ட்டையும் பாருங்கள். டீசல் மிச்சம் பிடிக்கக் கழற்றி வீட்டு மூலையில் போட்டவர்கள் உண்டு, அந்த வீட்டு மூலை எது என்று இப்போது அவர்களுக்கே தெரியாது.

3பியின் எஞ்சின்தான் கற்றுக்கொள்ள அருமையான எஞ்சின். ஹெட்டைக் கழற்றினால் இன்டேக் வால்வு அதோடு வரும். எக்ஸாஸ்ட் வால்வைத் தொட, பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விட வேண்டும். டாப்பெட் (வால்வின் இடைவெளி) அட்ஜஸ்ட் பண்ணும்போது நாலு மேலே, நாலு கீழே என்று இரண்டு இடத்தில் குனிந்து நிமிர வேண்டியிருக்கும். கம்ப்யூட்டர், சென்சார் என்று ஒன்றும் கிடையாது. பெட்ரோல் வருகிறதா, ஸ்பார்க் வருகிறதா, காற்று வருகிறதா, இந்த மூன்று கேள்வியில் எல்லாக் கோளாறும் அடங்கிவிடும். ஆனால் இன்றைய பெட்ரோல் இதற்குப் பிறந்த பெட்ரோல் இல்லை. இப்போது பங்க்கில் வரும் இ20-இல் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். பழைய ரப்பர் குழாய், பம்ப் டயாஃப்ரம், கார்க் பேக்கிங் எல்லாவற்றையும் அது ஊறவைத்துக் கெடுக்கும். ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், ஓட்டாமல் நிறுத்திய டேங்க் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். ஃபியூயல் லைன் முழுவதையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட்டு, மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி பண்ணிவிடுவது நல்லது.

கியர் பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது ஓட்டத்திலேயே பல் சக்கரங்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு, கிடையாது. வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும், அவசரப்பட்டால் கர்ரென்று திட்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒழுகாத 3பியை நான் பார்த்ததில்லை. நடுவில் இருக்கும் இன்டர்மீடியட் ஷாஃப்ட் தேய்ந்தால் ஒழுகலும் ஊளையும் சேர்ந்தே வரும். ஷாஃப்ட்டும் பேரிங்கும் மாற்றினால் இரண்டும் சேர்ந்தே போகும். முன் ஆக்ஸிலின் முனையில், வீல் திரும்பும் இடத்தில், ஒரு பெரிய இரும்புக் குண்டு இருக்கும். அதைத் துணியால் துடைத்துவிட்டு நகத்தால் வருடிப் பாருங்கள். வழவழவென்று இருக்க வேண்டும். அம்மைத் தழும்பாகக் குழி விழுந்திருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் கிரீஸ் வெளியே வரும். குண்டையே மாற்ற வேண்டும், அது கிடைக்கத் தேட வேண்டும்.

சாமான் தேடுவது என்றால் புதுப்பேட்டைதான். கூவம் கரையோரக் கடைகளில் ஆக்ஸில் முதல் ஹாரன் வரை குவிந்து கிடக்கும். புது உதிரிக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. புதுப்பேட்டைக்குப் போகும்போது பழைய சாமானைக் கையோடு கொண்டு போங்கள். "540-க்கு ஒரு கிரவுன் பினியன் வேணும்ண்ணே" என்று கேட்டால், "எத்தனை பல்லு தம்பி? எண்ணிட்டு வா" என்று திருப்பி அனுப்புவார்கள், நியாயம்தான், ஒரே பெயரில் ஓடிய ஜீப்புகளில் ரேஷியோ வேறு வேறு. முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் ரேஷியோ ஒத்துப்போகாவிட்டால் ஃபோர் வீல் போட்ட மாத்திரத்தில் வண்டி தன்னோடு தானே மல்லுக்கு நிற்கும்.

ஷெட்

அடுக்ககத்தின் ஸ்டில்ட் பார்க்கிங்கில் ஒரு காருக்கு ஒதுக்குவது வழக்கமாக 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். 3பியின் நீளம் 3.3 மீட்டர், முன்னால் ஒரு பெஞ்ச் போட்டு ஆள் நிற்க இடம் கிடைக்கும். ஜிப்ஸி 4 மீட்டர். நிறுத்தினால் நடக்க மட்டும்தான் இடம். எந்த வண்டியானாலும் பாடியை சேசிஸிலிருந்து தூக்கிவிட்டால் இரண்டு வண்டிக்கான இடம் வேண்டும். தனி வீடும் மூடிய ஷெட்டும் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது, பாடியைத் தூக்காமல் ஒவ்வொரு பகுதியாகச் செய்யுங்கள். இல்லை, தகரமும் பெயிண்டும் பட்டறைக்கு, எஞ்சின், பிரேக், வயரிங் வீட்டுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு கிரைண்டர் ஓட்டினால் அசோசியேஷன் கூட்டத்தில் நம் பெயர்தான் முதல் பொருள்.

எஞ்சினைத் தூக்க ஸ்டில்ட் பீமில் செயின் பிளாக் மாட்டுகிற யோசனை எல்லோருக்கும் வரும். அந்த பீம் அடுக்ககத்தைத் தாங்கக் கட்டியது, அதைத் தொட வேண்டாம். முக்காலியோ வாடகை எஞ்சின் கிரேனோ போதும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் வைத்து, கழற்றிய வீலையும் சேசிஸுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுங்கள்.

மழையை வைத்துத்தான் நாள்காட்டி. 2015 டிசம்பரும் 2023 டிசம்பர் மிக்ஜாமும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிரித்த கியர் பாக்ஸும் எஞ்சினும் ஐப்பசி பிறக்கும்முன் இடுப்பு உயர பெஞ்சுக்கு ஏறிவிட வேண்டும். ஆக்ஸிலின் காற்றுத் துவாரம் வழியாகவும் தண்ணீர் புகும். வெள்ளம் பார்த்த வண்டியில் ஆக்ஸிலின் ஆயில் வடிக்கும் அடித் திருகைத் திறந்தால் காபி நிறத்தில் கலங்கி வரும். வாங்கப் போகும் வண்டியிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம், ஒரு ஸ்பானர் வேலைதான். பெயிண்டுக்குத் தை பிறந்து பங்குனி வரை. ஈரக் காற்றில் அடித்தால் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் பால் படர்ந்த மாதிரி வெளுத்துப்போகும். நேரம், வெயில் ஏறியபின், கடற்காற்று உள்ளே வருவதற்கு முன். டூ-கே பியூ பெயிண்டை, அதாவது ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்டை, வீட்டில் அடிக்காதீர்கள். அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது, துணி மாஸ்க் அதைத் தடுக்காது. அது பட்டறை வேலை.

சரி, எது?

முதல் வண்டி, ஒரே வண்டி, கொஞ்சம் ஓட்டவும் வேண்டும் என்றால் எம்எம் 540. தகரம் நம் கைக்கு அடங்கும், உதிரி ஊரிலேயே கிடைக்கும், பதிவு சாதாரண வழியிலேயே ஓடும், குடும்பத்தோடு ஏற்காடு போய்வரலாம், மேட்டில் மூச்சு வாங்கினாலும் ஏறிவிடும். கடலோர வண்டியைவிட்டு மலைப்பக்க வண்டியைத் தேடுங்கள். வாங்கும் விலையைப் போல இன்னொரு மடங்கு கையில் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

வீட்டில் ஓடுகிற கார் ஒன்று இருக்கிறது, தனி ஷெட்டும் இருக்கிறது, அவசரமும் இல்லை என்றால் சிஜே-3பி. ஆனால் பிறவி பெட்ரோல் எஞ்சினோடு, அந்த எஞ்சின் நம்பரே ஆர்.சி.யிலும் இருக்கும் வண்டி மட்டும். எஞ்சின் ஓடவேண்டும் என்பதுகூட இல்லை, இருந்தால் போதும். மூன்றில் மனசுக்குப் பிடித்த வண்டி எனக்கு இதுதான், ஆனாலும் முதல் வண்டியாக யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஜிப்ஸியை, வெல்டிங் கை நன்றாகப் பழகியவர்களுக்கு மட்டும் சொல்வேன். மற்றவர்களுக்கு ஜிப்ஸி ஆசை இருந்தால், பாடி சுத்தமாக இருக்கும் எம்பிஎஃப்ஐ வண்டியைக் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்கி ஓட்டிக்கொண்டே அங்கங்கே சரிசெய்வதுதான் கணக்குக்கு ஒத்துவரும். அடியை ஒரு தடவை முழுக்கக் கழுவி, சேசிஸ் குழாய்களுக்குள் மெழுகு அடித்து, கதவடித் துவாரங்களில் அடைப்பை எடுத்துவிட்டாலே கடற்காற்றைப் பல வருஷம் தள்ளிப்போடலாம்.

எதை முடிவு செய்தாலும், அட்வான்ஸ் கொடுக்கும்முன் விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்று: பெயர் மாற்றம் முடியும்வரை மீதிப் பணம் என்னிடம் இருக்கும் என்று எழுதிக்கொள்ளலாமா? ஒப்புக்கொண்டால் காந்தத்தையும் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை போய்ப் பாருங்கள், இந்த முறை டிங்கர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு. மெக்கானிக் அடுத்த தடவை வந்தால் போதும்.